இரண்டு மருமகன்களும் ஒரு மண்வெட்டியும்

எனெலெசியின் அண்ணன் பிசிவெக்கிக்கு நாக்கு நல்ல நாக்கு. டோவா மலையடிவாரத்து ஊர்களில் பஞ்சாயத்து என்றால் அவன் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. அம்மா சாகும்போது மகளின் கையைப் பிடித்து அவன் கையில் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அன்றிலிருந்து அவன்தான் அவளுக்கு நகோஸ்வே. கல்யாணமோ வழக்கோ, பெண்ணுக்காகச் சபையில் எழுந்து பேசுகிறவன் நகோஸ்வேதான்; அவள் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அப்படி ஒரு வாய் தனக்கு வாய்த்திருக்கிறதே என்று எனெலெசிக்குப் பெருமை தாங்காது.

நிலம் அவளுடையது. செவா ஜனங்களிடம் மண் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை கல்யாணம் பண்ணிக்கொண்டு பெண்டாட்டி ஊருக்குப் போய்விடுவான். அவள் கணவன் லமெக்கி அப்படி வந்தவன்தான். வந்து வீடு கட்டினான், ஓடையோரத்து ஈரநிலத்தில் பார் கட்டி மக்காச்சோளமும் நிலக்கடலையும் போட்டான். குறை சொல்ல முடியாது.

பிசிவெக்கியும் அதேபோல் ஓடைக்கு அப்பால் ஒரு ஊருக்கு மருமகனாய்ப் போனான். ஊரெல்லாம் செல்லுபடியான அவன் வாய் அங்கே செல்லவில்லை. மாமியார் காட்டின இடத்தில் வெட்ட வேண்டும், காட்டின இடத்தில் கட்ட வேண்டும். ஞாயிறானால் தங்கை வீட்டுக்கு வந்து, சிறுமீன் குழம்பில் நசிமாக் களியைத் தோய்த்துத் தின்றுகொண்டே புலம்புவான்.

“அங்க நான் இரவல் சேவல் தங்கச்சி. கூவறதுக்குக்கூட மாமியார்கிட்ட உத்தரவு கேக்கணும்.”

லமெக்கி விழுந்து விழுந்து சிரிப்பான். அவனும் ஒரு சேவல்தான் என்பது எனெலெசிக்குத் தோன்றவே இல்லை. மச்சான்கள் இருவரும் இவ்வளவு ஒட்டாக இருக்கிறார்களே என்று மனம் குளிர்ந்து ஆளுக்கு இன்னொரு அகப்பை களி வைத்தாள்.

ஒரு அறுப்பு முடிந்த சமயம் லமெக்கி தன் தாய்க்கு உடம்புக்கு முடியவில்லை என்றான். எனெலெசியைத் தன் ஊருக்கு அழைத்துப் போய்க் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு அவள் சம்மதம் போதாது, நகோஸ்வே விட வேண்டும். இப்படிக் கேட்டு வருகிறவனை எந்த அண்ணனும் லேசில் விடமாட்டான். நடையாய் நடக்க வைப்பான். பிசிவெக்கி ஒரே பேச்சில், முறைக்குக் கொண்டுவந்த கோழியை வாங்கிக்கொண்டு சரி என்றுவிட்டான்.

அதுதான் எனெலெசிக்கு முள்ளாய்க் குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. கிளம்பும் காலையில் அம்மாவின் மண்வெட்டியை, அம்மா பிடித்துப் பிடித்து வழவழத்துப்போன காம்போடு, ஊர் பார்க்க அண்ணன் கையில் கொடுத்தாள்.

“நான் வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்குங்கண்ணே. நாளைக்கு என் மக செலினாவுக்குத்தானே எல்லாம்.”

“நீ கவலப்படாமப் போம்மா,” என்றான் அண்ணன்.

மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். இரண்டு மழைக்காலம் போனது, கிழவியும் போய்ச் சேர்ந்தாள். ஊருக்குத் திரும்பலாம் என்றால் லமெக்கி இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். முதல் மழை வாசனை வந்ததும் அவள் மகள் செலினாவைக் கூட்டிக்கொண்டு தானே கிளம்பிவிட்டாள்.

அவள் வீடு இருந்த இடத்தில் புதுச் செங்கல் வீடு நின்றது. நிலத்தில் அண்ணன் மனைவி ஃபெனெசி பார் கட்டிக்கொண்டிருந்தாள். கையில் அம்மாவின் மண்வெட்டி. நிமிர்ந்து, நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரு வேணும் ஒங்களுக்கு?”

பிறந்த மண்ணில் வைத்துக் கேட்டாள். நடந்ததையும் ஃபெனெசியே சொல்லிவிட்டாள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுபோல. லமெக்கியைப் பெண்ணழைத்துப் போகச் சொன்னதே பிசிவெக்கிதானாம். ஞாயிற்றுக்கிழமைக் களியைத் தின்றபடியே பேசி முடித்ததாம். அவனுக்கு அவன் ஊர், இவனுக்கு இவன் ஊர். மருமகன் உத்தியோகத்திலிருந்து இரண்டு பேருக்கும் விடுதலை. “ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்,” என்றாள் ஃபெனெசி. அவளும் ஏமாந்தவள்தானோ என்னவோ, மண்வெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

எனெலெசி வழக்குப் போட்டாள். அத்திமரத்தடியில் ஊர்த்தலைவி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நல்லவள், முறை தவறாதவள். முறைப்படியே கேட்டாள், இந்தப் பெண்ணுக்குப் பேசுகிறவன் யார் என்று.

பிசிவெக்கி எழுந்து நின்றான்.

வேலி பயிரை மேய்வது எந்த ஊரிலும் உண்டு. மேய்ந்துவிட்டு எழுந்து பயிர் சார்பில் பேசிய வேலியை அன்றுதான் பார்த்தார்கள். கூட்டம் முணுமுணுத்தது. தாய்மாமன் எவரும் உயிரோடு இல்லை. வேறு நகோஸ்வேக்கு எங்கே போவது?

“என் தங்கச்சி சார்பா நான் சொல்றேன். நெலத்த மனசாரக் குடுத்தா. அம்மா மம்பட்டியவே கையில குடுத்தா. ஊரே பாத்துச்சு. இல்லேங்கட்டும்.”

என்ன அழகான குரல். ஊர் பார்த்ததும் நிஜம். எனெலெசி பாயிலிருந்து எழப் பார்த்தாள். ஆணும் பெண்ணுமாக நாலு பேர் உட்காரு உட்காரு என்றார்கள். தலைவி, நகோஸ்வே சொன்னது பெண் சொன்னது, நான் என்ன செய்வேன் என்றாள். மண்வெட்டி மட்டும் தாய் கைப்பட்ட பொருள், மகளுக்குத் திரும்பட்டும் என்றாள். நிலமில்லாத மண்வெட்டி.

எனெலெசி லமெக்கியிடம் திரும்பவில்லை. ஊர்க்கோடியில் குடிசை போட்டு, பிறத்தியார் நிலத்தில் வெட்டி, செலினாவை வளர்த்தாள். வழியில் எதிர்ப்படும்போதெல்லாம் அண்ணன் என்னம்மா சௌக்கியமா என்பான். அவள் காலைப் பார்த்துக்கொண்டு போவாள்.

செலினாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளையின் மாமன் கோழியோடு வந்த அன்று, பிசிவெக்கி கோட்டு மாட்டிக்கொண்டு குடிசை வாசலுக்கு வந்தான். மருமகளுக்குத் தாய்மாமன் பேசாமல் யார் பேசுவது? விருந்தாளிகள் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். எனெலெசி வாசலை மறித்து நின்றாள்.

“யாரு வேணும் ஒங்களுக்கு?”

அவன் முகம் செத்துப்போனது. “என்ன எனெலெசி, சபையில வச்சு… நம்ம புள்ளைக்கு நான்தானே பேசணும்.”

“அன்னைக்கு எனக்குப் பேசினீங்களேண்ணே. அது இந்தக் குடும்பத்துக்கே போதும்.”

ஊர்த்தலைவியும் அங்கேதான் இருந்தாள். இந்த முறை அவள் முறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிசிவெக்கி கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே போய்விட்டான்.

எனெலெசி சபை நடுவில் வந்து நின்று மகளுக்காகப் பேசினாள். பழக்கமில்லாத நாக்கு குழறியது. சொல்ல வேண்டியதில் பாதி மறந்துபோனது. மாப்பிள்ளையின் மாமன் தயங்கித் தயங்கி அவள் கையிலேயே கோழியைக் கொடுத்தார். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அண்ணன் பேசியிருந்தால் எவ்வளவு அழகாகப் பேசியிருப்பான் என்று தோன்றிவிட்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.