மனு எண் 412

ராயப்பன்பட்டி கர்ணனுக்கு வயது ஐம்பத்தாறு. அதில் முப்பத்தொரு வருடம் மனு கொடுப்பதிலேயே போயிற்று. ஓடைப்பாலத்துக்கு ஒரு மனு, தெருவிளக்குக்கு நாலு மனு, காலை ஏழரை மணி பஸ் நிற்காமல் போவதற்கு ஒன்பது மனு. திங்கட்கிழமை என்றால் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறிவிடுவார். ஒப்புகைச் சீட்டுகள் மட்டும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. பலன் என்று பார்த்தால், பாலம் ஒரு முறை வரத்தான் செய்தது. பக்கத்து ஊருக்கு வந்தது. அதையும் தம்முடைய மனுவின் வெற்றி என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். மனுஷனுக்குப் பிடிமானமாக ஏதாவது ஒன்று வேண்டாமா? அவர் மனைவி ஜோதிலட்சுமி, அடுப்படி ஓடு ஒழுகுகிறது, நானும் மனு எழுதித் தந்தால்தான் கண்ணில் படுமா என்று கேட்டு அலுத்துவிட்டாள்.

ஊருக்கு மேற்கே கர்ணனுக்கும் வேல்பாண்டிக்கும் அமல்ராஜுக்கும் ஒரு கூட்டுக் கிணறு. ஆளுக்கு ஒரு நாள் முறை. பகலில் ஆறு மணி நேரம் மும்முனை மின்சாரம் வரும். அதற்குள் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். இடையில் கரண்ட் போனால் யாருக்கு எவ்வளவு நேரம் போயிற்று என்பதில் சண்டை வரும். சண்டை போடுவது எப்போதும் கர்ணன்தான். வேல்பாண்டி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கேட்டு எதுவும் கிடைத்ததாக அவர் சரித்திரத்திலேயே இல்லை. அதனால் அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

அமல்ராஜின் மகள் பெனிஷா பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மாடி அறையில் இருந்தபடியே வேலை பார்ப்பவள். இந்தச் சண்டையைக் கேட்டுக் காது புளித்துப்போய், தண்ணீர் முறையைத் தானே கணிக்கும் ஒரு நிரலை எழுதினாள். பம்ப்செட்டில் இருந்த, போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மொபைல் ஸ்டார்ட்டரில் மோட்டார் ஓடிய நேரமெல்லாம் பதிவாகிறது. அதைப் பார்த்து, நாளைக்கு யார் முறை என்று நிரல் போனில் சொல்லிவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் நிரலில் பொருத்திக்கொள்ளட்டும் என்று அதற்கு ‘முறை’ என்று பெயர் வைத்து, இலவச மென்பொருள் குழு ஒன்றுக்கு அனுப்பினாள். இப்படிப்பட்ட நிரல் துண்டுக்கு அவர்கள் லைப்ரரி என்று பெயர் சொல்வார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். புதிதாக வரும் லைப்ரரிகளை உடனே ஏற்பதில்லை. உலகம் முழுவதிலிருந்தும் வந்த முப்பது, நாற்பது லைப்ரரிகளுக்கும் சேர்த்து ஒரே இஷ்யூ டிராக்கர், அதாவது பொதுவான குறைப்பதிவேடு. பயன்படுத்துகிறவர்கள் அதில் குறைகளை எழுதுவார்கள், லைப்ரரியை எழுதியவர் திருத்துவார். ஆறு மாதம் கழித்து, திருத்தாத குறை எத்தனை கிடக்கிறது என்று பார்த்துத்தான் ஏற்பதும் தள்ளுவதும். பெனிஷா குறை எழுதும் படிவத்தின் கேள்விகளைத் தமிழில் எழுதிப் பெரியவர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். வேல்பாண்டியிடம் இருந்தது பட்டன் போன். நாளைக்கு யார் முறை என்பதை வரப்பில் நின்று அவருக்குக் கூவிச் சொல்வது கர்ணனின் பொறுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை கர்ணனின் முறையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. மறுநாள் காலையில் போன் கொஞ்சமும் வெட்கமில்லாமல் வேல்பாண்டி முறை என்றது. தோட்டத்தில் முந்நூறு வாழை குலை தள்ளி நின்றது. கர்ணன் படிவத்தைத் திறந்தார்.

‘எதிர்பார்த்தது என்ன?’ என்று ஒரு கட்டம். ‘நடந்தது என்ன?’ என்று இன்னொரு கட்டம். கர்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் நீ என்ன எதிர்பார்த்தாய் என்று எந்த மேஜையிலும் அவரை யாரும் கேட்டதில்லை. எழுதினார்: ‘எதிர்பார்த்தது: என் முறையில் போன மூன்று மணி நேரம் திரும்பக் கிடைக்கும் என்று. நடந்தது: வேல்பாண்டி.’ அவசரம் எவ்வளவு என்ற இடத்தில் மிக அவசரம். இணைப்பு என்ற இடத்தில் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ. மனுவுக்கு எண் 412 விழுந்தது.

நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது, அதுவும் தமிழில். தடுமாறும் தமிழ்தான். எழுதியது இனேஸ் என்ற பெண், போர்ச்சுகல் நாட்டுக்காரி. அவருடைய சிரமத்துக்கு வருந்துவதாகவும், வேல்பாண்டி என்பது எந்தப் பதிப்பில் வரும் பிழை என்று சொன்னால் உதவியாக இருக்கும் என்றும் எழுதியிருந்தாள். கர்ணன் அதை டீக்கடையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினார். ஒரு அதிகாரி வருந்துகிறார்! அதற்குமேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. வேல்பாண்டியின் ஆடு வேலி தாண்டியது, ஏழரை மணி பஸ், தெருவிளக்கு என்று பத்து நாளில் மேலும் பத்தொன்பது மனு போட்டார். தேனிக்குப் போகிற பஸ் காசு மிச்சம் என்று ஜோதிலட்சுமிக்கும் சந்தோஷம்தான்.

நடந்தது இதுதான். எந்த லைப்ரரி என்று தேர்ந்தெடுக்கும் கட்டம் ஒன்று படிவத்தின் உச்சியில் உண்டு. அதைச் சொல்ல பெனிஷா மறந்துவிட்டாள். தேர்ந்தெடுக்காவிட்டால் அகர வரிசையில் முதலில் நிற்பதே இருந்துகொள்ளும். முதலில் நின்றது ‘அபாகஸ்’. மிகப் பெரிய எண்களைக் கூட்டவும் பெருக்கவும் இனேஸ் எழுதிய லைப்ரரி அது. தன் லைப்ரரிமேல் வந்த குறைகளாயிற்றே என்று பாவம் அவள் ஒவ்வொன்றையும் மொழிபெயர்ப்பு நிரலில் போட்டுப் படித்து, ஆட்டுக்குக்கூடப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

குழுவிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் பெனிஷாவுக்கு விஷயம் தெரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு ஆதாரையும் ரேஷன் கார்டையும் அவசரமாக நீக்கினாள், 412ஐ மட்டும் ‘முறை’க்கு மாற்றினாள், மீதி பத்தொன்பதையும் சம்பந்தமில்லாதவை என்று மூடினாள். ஒவ்வொன்றுக்கும் கர்ணனின் போனில் மணி அடித்தது. பத்தொன்பதாவது மணி ஓய்வதற்குள் அவர் அமல்ராஜ் வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

“தாயி, முப்பத்தோரு வருசத்துல என் மனு ஒண்ணையாச்சும் எவனாச்சும் தள்ளுபடி பண்ணிருக்கானா? அம்புட்டும் இன்னிக்கும் பரிசீலனையில இருக்கு. நீ ஒத்தக் காலையில பத்தொம்பத மூடிட்ட.”

“பெரியப்பா, ஆடு மேஞ்சதுக்கெல்லாம் அங்கன எடம் கெடையாது. அது அந்த இனேஸ் அம்மா ஆறு மாசமா உக்காந்து எழுதுன லைப்ரரி. தீராத கொறை இத்தன கெடந்தா அதத் தள்ளிருவாக.”

தம்மால் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்று கர்ணன் நினைத்ததே இல்லை. அவ்வளவு சக்தி தம்மிடம் இருப்பதாக அவருக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்கே இனேஸ் அம்மாளுக்கு ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அவள் பதிலில் கோபம் இல்லை. இருபது மனுவையும் படித்ததில் அந்தக் கிணற்றைப் பற்றித் தனக்கு நிறையத் தெரிந்துவிட்டதாகவும், 412 மட்டும் உண்மையான குறை என்று தோன்றுவதாகவும் சொல்லி, ஒரு கேள்வி கேட்டிருந்தாள். முறையைப் போன் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால், இழந்த நேரத்தை என்ன செய்வீர்கள்?

சுற்று முடிந்ததும் இழந்தவனுக்கே திரும்பக் கொடுப்பதுதான் பழைய வழக்கம் என்று கர்ணன் எழுதினார். பெனிஷாவுக்கு அது தெரியாது. அவளுக்கு விதிகளைச் சொன்னவர் அமல்ராஜ். அவருடைய முறையில் கரண்ட் போவதே இல்லை என்பதால் இப்படி ஒரு விதி இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பெனிஷா திருத்தினாள். இனேஸ் சரிபார்த்தாள். ஒரு வியாழக்கிழமை காலையில் 412க்கு நேரே பச்சை நிறத்தில் வந்தது: தீர்க்கப்பட்டது.

வாழ்நாளில் தீர்ந்த முதல் மனு. கர்ணன் உத்தமபாளையம் போய் அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்தார். டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தார். வடையைக் கடித்தபடியே, நாளைக்குத் தம் முறைதான் என்றாலும் அதோடு மூன்று மணி நேரம் சேர்ந்து வருவதை ஆசையாகப் பார்க்கலாம் என்று போனைத் திறந்தார்.

நாளை வேல்பாண்டி. நாளை மறுநாளும் வேல்பாண்டி. அதற்கு மறுநாள் இரண்டு மணி நேரம் வேல்பாண்டி. அப்புறம்தான் கர்ணன்.

மறுபடியும் மாடிப்படி. பெனிஷா தயங்கித் தயங்கிச் சொன்னாள். திருத்தியதும் நிரல் எட்டு மாதப் பதிவையும் முதலிலிருந்து பார்த்துவிட்டது. கர்ணன் இழந்தது மூன்று மணி நேரம். வேல்பாண்டி இழந்தது பதினாலு. அதிகம் இழந்தவருக்கு முதலில் போகிறது.

“பதினாலா? அவன் வந்து ஒரு வார்த்த கேட்டானா?”

“கேக்கல பெரியப்பா. அவுகளுக்கு இது தெரியவே தெரியாது. ஒங்க மனு சரியாத் தீரலன்னு நெனச்சா நீங்க அதத் திரும்பத் தொறக்கலாம். எழுதுனவுகளுக்குத்தான் அந்த உரிமை.”

கர்ணன் போனில் ‘திரும்பத் திற’ என்றிருந்த பட்டனைப் பார்த்தார். வாழையை நினைத்தார். இந்த வெயிலில் மூன்றாம் நாள்வரை தண்ணீர் இல்லையென்றால் காய் பருக்காது. வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். போனைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

வேல்பாண்டி வரப்பில் உட்கார்ந்திருந்தார். கர்ணன் விஷயத்தைச் சொன்னதும் அவர் சந்தோஷப்படுவார் என்றுதானே நினைப்போம்? அவர் கர்ணனை ஏற இறங்கப் பார்த்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது, பதினாலு மணி நேரத்தை வாங்கிக்கொண்டால் பின்னால் கிணற்றுப் பங்கில் கை வைப்பான், எனக்கு வேண்டாம் என்றார். கர்ணன் லேமினேட் செய்த தாளைக் காட்டினார். வேல்பாண்டிக்குச் சந்தேகம் கூடியது. கர்ணன் கத்தினார். வேல்பாண்டியும் கத்தினார். ஊருக்குள் இருந்தவர்கள், இருவரும் தண்ணீருக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் கரண்ட் வந்ததும் கர்ணனே மோட்டாரைப் போட்டார். மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கி, தம் தோட்டத்து மடையை அடைத்து, வேல்பாண்டியின் மடையை வெட்டிவிட்டார். காய்ந்து கிடந்த கத்தரிப் பாத்தியில் தண்ணீர் ஏறியது. வேல்பாண்டி வரப்போரமாக வந்து நின்றார்.

“ஏலே, அங்கன ஒன் வாழை காயுதுலே.”

“காயட்டும். மொதமொதலா என் மனுவுக்கு ஒரு தீர்ப்பு வந்திருக்கு. அது நடக்குறத நான் கண்ணால பாக்கணும்.”

சொல்லிவிட்டு, முழங்கால் வரை சேறோடு வரப்பில் ஏறி உட்கார்ந்து, அடுத்தவன் வயலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.