என் தொண்டையும் அவர் நெஞ்சும்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் மெடிக்கல் ஷாப்புக்கு வழி கேட்டால், "மெயின் ரோட்டுல நின்னு காது குடுத்துக் கேளுங்க, எங்க ஒரு அம்மா கத்துறாங்களோ அதுதான்" என்பார்கள். பொய் இல்லை. நான் சாதாரணமாக "சில்லறை இருக்கா?" என்று கேட்டாலே, கேட்டவர் ஏதோ திருடிவிட்ட மாதிரி பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார்.

இதில் என் குற்றம் பாதிதான். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். எங்கள் அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்தவர். அந்த மிஷின் சத்தத்தில் காது போய்விட்டது. அவருக்குக் கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் உப்பு கேட்டாலும் கத்தித்தான் கேட்போம். கல்யாணம் ஆகி பெங்களூர் வந்தபோது நல்ல காது உள்ள மனிதரிடமும் அதே தொண்டையோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தேன். மீதிப் பாதி குற்றம் என்னுடையதுதான். காது கேட்பவர்கள் நடுவில் இத்தனை காலம் இருந்தும் குறைத்துக்கொள்ளவில்லையே.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் பஸ் ஓட்டியவர். அந்த டிராஃபிக்கிலும் ஹாரன் அடிக்காத டிரைவர் என்று பெயர் வாங்கினார். எப்படி என்று யாராவது கேட்டால், "வீட்லயே ஒண்ணு இருக்குதே, அதுவே போதும்" என்பார். ரிடையர் ஆன பிறகு கடைக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் மெதுவாகப் பேசி, நான் விரட்டியவர்களில் பாதிப் பேரைத் திரும்பக் கூட்டி வருவார்.

எனக்கும் தெருவுக்கும் நடந்த பெரிய யுத்தம் பைக் யுத்தம். பக்கத்துக் கடை ஒரு பாயுடைய மொபைல் ரிப்பேர். அந்த பாயிடம் வருகிற அத்தனை பேரும் வண்டியை என் கடை வாசலில்தான் நிறுத்துவார்கள். "யாருதுய்யா இந்த வண்டி? வாங்க இங்க! எடுங்க!" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கத்துவேன் என்று எனக்கே தெரியாது. பாய் ஸ்க்ரூ டிரைவரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ரெண்டு நிமிஷம் அக்கா" என்பார். அந்த ரெண்டு நிமிஷம் சாயங்காலம் வரைக்கும் போகும்.

இப்படி இருக்கையில்தான் மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைத்தார்கள். கடையில் ஒருத்தருக்குத் திடீரென்று இதயம் நின்றுபோனால், ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்று சொல்லித் தருவார்களாம். சிவாஜிநகர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் இடத்தில் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள பொம்மைகளைப் படுக்கவைத்திருந்தார்கள்.

சொல்லிக் கொடுத்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசினார். "ஒருத்தர் உங்க கடை முன்னாடி விழுந்துட்டாரு, மூச்சு இல்ல. முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டதும், மண்டபம் முழுக்க ஒரே குரலில், "நாக்குக்கு அடியில மாத்திரை வெப்போம்" என்றோம். மருந்துக் கடைக்காரன் கை அலமாரிக்குத்தானே போகும்? அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "மூச்சே இல்லாதவருக்கு மாத்திரை எதுக்கு? நெஞ்சை அழுத்துங்க. கையை எடுக்காம அழுத்துங்க" என்றார்.

அழுத்தும்போது சத்தமாக எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணினேன். பத்து வந்ததும் என் கை தானாக நின்றுவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி பத்து, மறுபடி நின்றது. "ஏன் மேடம் நிறுத்துறீங்க?" என்றார் டாக்டரம்மா. "ஒரு ஸ்ட்ரிப் முடிஞ்சுடுச்சு மேடம்" என்றேன். வாழ்நாள் முழுக்கப் பத்துப் பத்தாக மாத்திரை எண்ணிய கை, அதற்கு மனுஷன் நெஞ்சும் ஸ்ட்ரிப்பும் ஒன்றுதான். மண்டபம் சிரித்த சிரிப்பில் பொம்மை எழுந்து உட்காரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான்தான் முதல். உதவிக்கு ஆள் கூப்பிடும் பாடம். மற்றவர்கள் கல்யாண வீட்டில் தண்ணீர் கேட்கிற மாதிரி "யாராவது வாங்க" என்றார்கள். என் முறை வந்தது. நான் போட்ட சத்தத்தில் கீழே சமையல் கட்டிலிருந்து ஆட்கள் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்கள். டாக்டரம்மா கை தட்டி, எல்லோரும் இந்த மேடம் மாதிரி கூப்பிடுங்கள் என்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மாவா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சர்ட்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அதோடு விட்டேனா? நெஞ்சு எரியுது, கேஸ் மாத்திரை கொடுங்கள் என்று வருகிறவரை உடனே நம்பாதீர்கள், வேர்க்குதா, கை வலிக்குதா என்று விசாரியுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார் அல்லவா? நான் போலீஸ் ஸ்டேஷன் வைத்துவிட்டேன். "வேர்க்குதா? தாடை இழுக்குதா? எப்போலர்ந்து? உண்மையச் சொல்லுங்க!" பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஏப்பம் வராமல் வந்த மனிதர்களெல்லாம் வேறு கடை பார்த்துப் போய்விட்டார்கள். ஊரையே விசாரித்தேன். எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒருத்தரை மட்டும் விசாரிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்து தெரு கொஞ்சம் அசந்திருந்தது. அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். கவுண்டர் விளிம்பைப் பிடித்தார். அப்படியே என் கண்ணிலிருந்து கீழே மறைந்தார். ஏதோ விழுந்ததைத் தேடுகிறார் என்று நினைத்தேன். "அங்க இன்னா தேடிகினு இருக்கீங்க?" என்று ஒரு அதட்டல் போட்டேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தார். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு.

அது மூச்சு இல்லை, அதை நம்பி ஏமாறாதீர்கள் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் என் கையில் என்ன இருந்தது தெரியுமா? நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஸ்ட்ரிப். எப்போது எடுத்தேனோ, சாமி சத்தியமாகத் தெரியாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வரப் பார்த்தால் கவுண்டர் பலகையைத் தூக்க முடியவில்லை. அதன்மேல் பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டிகளை நானே அடுக்கி வைத்திருந்தேன். எல்லாருக்கும் வழிவிடு வழிவிடு என்று கத்துகிறவள் எனக்கே வழி வைத்துக்கொள்ளவில்லை. கவுண்டர் மேல் ஏறிக் குதித்தேன். இருமல் மிட்டாய் ஜாடி உடைந்தது. எனக்கு முட்டி உடையவில்லை, அதுவே புண்ணியம்.

மண்டியிட்டு, நெஞ்சின் நடுவில் கை வைத்து அழுத்த ஆரம்பித்தேன். அழுத்திக்கொண்டே கத்தினேன். "வாங்க! யாராவது ஓடி வாங்க!" என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை.

யாரும் வரவில்லை.

எதிர் பேக்கரி வாசலில் நான்கு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. வரிசையாக நின்ற வண்டிகளுக்குப் பின்னால், தரையில், நாங்கள் இருவரும் யார் கண்ணிலும் படவில்லை. "வாங்கய்யா இங்க!" என்று மறுபடி கத்தினேன். தன் கடைக்குள்ளேயிருந்து பாய், "ரெண்டு நிமிஷம் அக்கா" என்றார். யாரோ ஒரு நல்ல மனுஷர் தன் பைக்கை மட்டும் மரியாதையாக ஸ்டார்ட் செய்து நாலடி தள்ளி நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடி போனார். அந்த ஆளை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவர் செய்தது என்ன? நான் தினமும் கேட்டதைத்தான் செய்தார்.

அவர் நெஞ்சுக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விலா. கையை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எடுக்கவில்லை. எண்ணிக்கையெல்லாம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. "எழுந்திருங்க, எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று அதையே கணக்காக வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். போன் கவுண்டருக்கு உள்ளே. கை ஓய்ந்துகொண்டு வந்தது. தொண்டை கட்டிவிட்டது. இவர் என் கைக்குக் கீழேயே போகப்போகிறார், இத்தனை பேர் இருக்கிற தெருவில் நான் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன் என்று தெரிந்தது. அப்போதுதான் என்னிடம் மிச்சமிருந்த குரலில், எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னேன்.

"பாய்... தயவு செஞ்சு வாங்க பாய்."

உள்ளே ஏதோ கீழே விழுந்து சிதறியது. பாய் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "அர்ரே அல்லா!" என்று அவர் போட்ட ஒரே சத்தத்தில் தெரு மொத்தமும் ஓடி வந்தது. "நீங்க, வெள்ளைச் சட்டை, நூத்தெட்டுக்குப் போன் போடுங்க" என்று ஆளைக் காட்டிச் சொன்னேன். பாயின் கையைப் பிடித்து என் வீட்டுக்காரர் நெஞ்சில் வைத்தேன். "அழுத்துங்க. ஒடஞ்சாலும் பரவால்ல, அழுத்துங்க." பாய் அழுதுகொண்டே அழுத்தினார். மாற்றி மாற்றி அழுத்தினோம். பைக்குகளையெல்லாம் ஆளுக்கொன்றாகத் தூக்கியே நகர்த்தி ஆம்புலன்ஸுக்கு வழி செய்தார்கள். அதில் வந்தவர்கள் நெஞ்சில் கரண்ட் ஷாக் கொடுத்தார்கள். முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாவது முறை அவர் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிழைத்துவிட்டார். அடைப்பை எடுத்தார்கள். உடனே அழுத்த ஆரம்பித்ததால்தான் காப்பாற்ற முடிந்தது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். "ரெண்டு விலா ஒடஞ்சிருக்கு" என்றதும் மறுபடி குனிந்தேன். பாய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "அக்கா கத்துனப்போ வண்டின்னு நெனச்சேன். 'தயவு செஞ்சு'ன்னாங்க பாரு, உயிரே போற விஷயம்னு அப்பவே புரிஞ்சுபோச்சு." கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவர் பேசத் தொடங்கிய பிறகுதான் மற்ற விஷயம் வந்தது. காலையிலிருந்தே நெஞ்சை அழுத்தியிருக்கிறது. நான் திரும்பியிருந்த நேரம் பார்த்து, என் அலமாரியிலிருந்தே கேஸ் மாத்திரை எடுத்துப் போட்டிருக்கிறார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"பேக்கரில போண்டா துன்னேன். சொன்னா கத்துவ" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அன்றோடு வாயைக் கட்டினேன். வீட்டிலும் கத்துவதில்லை, கடையிலும் கத்துவதில்லை. அவர் கடைக்கு மேலே மாடி வீட்டில் படுத்திருக்க, நான் கீழே கடையில் கோயில் அர்ச்சகர் மாதிரி முணுமுணுத்தேன். ஜனங்கள் கதிகலங்கிப் போனார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மாவிடம், "உடம்பைப் பாத்துக்கோங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். அந்த அம்மா முகம் வெளுத்து, "எனக்கு இன்னா ஆச்சு? ரிப்போர்ட்ல ஏதாவது இருக்குதா?" என்று கேட்டுவிட்டு நேராக லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். பைக்குக்காரர்கள் பைக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொல்லாததால் பயந்துபோய் அவர்களே எடுத்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் கூட்டமே இல்லை, முணுமுணுக்கக்கூட ஆள் இல்லை. நான் வந்த சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஏதோ சத்தம். பார்த்தால், லுங்கியும் பனியனுமாக, ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, இவர் இறங்கி வந்துகொண்டிருக்கிறார். படி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்த மனுஷர். முகமெல்லாம் வேர்வை.

"யாரு உங்கள எறங்கச் சொன்னது!" என்று ஒரு கத்து கத்தினேன். பேக்கரியில் டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. பாய் கடையை விட்டு வெளியே ஓடி வந்தார். "டாக்டர் இன்னா சொன்னாரு, நீங்க இன்னா பண்ணிகினு இருக்கீங்க! மறுபடியும் என்னால ஆவாதுங்க!"

அவர் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலைலர்ந்து ஒன் சத்தமே இல்ல" என்றார். "கூப்ட்டுப் பாத்தேன், பதில் இல்ல. நீ கீழ வுழுந்துட்டியோன்னு வந்தேன்."

அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தேன். வேர்வையை முந்தானையால் துடைத்தேன். விசாரிக்க வேண்டியதை அப்போதுதான் முதல்முதலாக அவரிடம் விசாரித்தேன். "நெஞ்சு வலிக்குதா? கை இழுக்குதா? நான் கத்துனாலும் கத்துவேன், நீங்க மறைக்காம சொல்லணும்."

"நெஞ்சு ஒண்ணுமில்ல. விலாதான் வலிக்குது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேத்து ராத்திரிலர்ந்தே வலிக்குது. சொல்லல. இப்ப சொல்லிட்டேன்" என்றார்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவர் தோளில் முகத்தை வைத்து சத்தம் போட்டு அழுதேன்.