நெகோ: மறுக்க ஒரு சொல்

செடிகளுக்கு லத்தீனில் பெயர் வைக்கிற இடத்தில் எனக்கு வேலை. பெயர்களோடு நிறுத்தியிருக்கலாம், முப்பத்து மூன்று வயதில் அந்த மொழியையே படிக்க ஆசை வந்தது. அலுவலகம் விட்டு கரமனையில் உள்ள வீட்டுக்கு வரும் பஸ்ஸில் தினம் ஒரு வினைச்சொல். அப்படி ஒருநாள் வந்தது 'நெகோ'. மறுக்கிறேன் என்று பொருள். பழி வந்தால் "நான் செய்யவில்லை" என்று சாதிக்கவும் அதே சொல், கேட்டவரிடம் "தர மாட்டேன்" என்று கைவிரிக்கவும் அதே சொல். 'அப்படி இல்லை என்று சொல்கிறேன்' என்று நாம் நீட்டி முழக்குவதை லத்தீன்காரர்கள் இந்த ஒன்றிலேயே முடித்துவிடுவார்கள். சொல்வதும் அதற்குள்ளேயே அடக்கம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. மனதுக்குள் மறுத்தால் போதாது, வாயைத் திறக்க வேண்டும்.

எங்கள் அக்கிரஹாரத்தில் அதுதான் நடக்காது. அரிசி தீர்ந்தால்கூட "நிறைஞ்சிருக்கு" என்போம். பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்கவில்லை என்றால் "பார்க்கலாம், பகவான் விட்ட வழி" என்போம். கேட்பவரும் இந்தத் தெருக்காரராக இருந்தால் புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவார்.

போன ஆவணியில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மும்பையிலேயே வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட வேண்டும் என்றார்கள். எனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவர்களிடம் வழக்கம்போல "பகவான் விட்ட வழி" என்றாள். இரண்டே வாரத்தில் பையனின் அம்மா நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்து அனுப்பிவிட்டாள்.

நானே பேசிவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். நெகோ, நெகாஸ், நெகத் என்று பஸ்ஸில் உருப்போட்டதெல்லாம் எங்கே போனதோ, "மாமி, சௌக்கியமா" என்பதற்கு மேல் நாக்கு நகரவில்லை. நாலு மொழி தெரிந்து என்ன பிரயோஜனம்? பக்கத்தில் நின்ற அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"க்ஷமிக்கணும். அவளுக்கு இஷ்டமில்லை. வேலையை விடமாட்டா. இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அம்மா யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த மாமி, அன்றைக்கே சொல்லியிருந்தால் நாளே பார்த்திருக்க மாட்டோமே என்று மட்டும் கேட்டாளாம். கோபம்கூட இல்லை.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே பிடிச்சிருந்தாலும் சொல்லு, பிடிக்கலேன்னாலும் சொல்லு. நான் மாத்தாம அப்படியே அவாகிட்ட சொல்லிடறேன்."