பிட்டர் போடாத கையெழுத்து

இங்க் பேடில் கட்டைவிரலை அழுத்தி, அதை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, கேட்டில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் உருட்டி எடுப்பார் பிட்டர், எங்கள் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். கைநாட்டு வைக்கிற ஆள் இங்கிலீஷ் படிக்கிற அதிசயத்தை அனுப்பர்பாளையத்தில் என் பனியன் கம்பெனியில் மட்டும்தான் பார்த்திருக்க முடியும். அவர் பெயரில் ஐம்பது வருடமாக ஒரு பழி நிற்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவன். இன்று என் கம்பெனியில் நானூறு மெஷின் ஓடுகிறது. இங்கிலீஷ் தெரியாமலேயே வெளிநாட்டுக்குப் போய் ஆர்டர் பிடித்து வந்தவன் நான். கூட வந்த படித்தவர்கள் ஓட்டல் அறையில் காய்ச்சலில் கிடந்தார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு பழைய பாத்திரப் பட்டறைக் கொட்டகை, நாலு மெஷின், துணியை நீராவியில் அழுத்தி எடுக்கும் ஒரு கேலண்டர், அதற்கு ஒரு சின்ன பாய்லர். என் கையெழுத்தை ஒரு வாரம் துண்டுத் துணியில் எழுதி எழுதிப் பழகியிருந்தேன். வளைத்து, சுழித்து, அடியில் இரண்டு கோடு. அந்தப் பெருமையில் ஒருநாள் அவரைச் சீண்டினேன்.

“ஏனுங்க பிட்டர், பேப்பரைக் கரைச்சுக் குடிக்கறீங்க, ஒரு கையெழுத்துப் போட வராதுங்களா? வேணும்னா நாஞ் சொல்லித் தர்றனுங்க.”

“வரும் மொதலாளி. போட மாட்டேன்.”

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வேதக்காரர், கிறிஸ்தவர். ஐம்பதைத் தாண்டியிருந்தார், எனக்கு இருபத்தாறு. வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில் ஒரு சின்ன விமானப் படையில் பிட்டராக இருந்தவர். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மழையில் கரண்ட் போய் மெஷின்கள் நின்றுபோன ஒரு மத்தியானத்தில், தானாகவே ஆரம்பித்தார்.

விமானப் படை என்றால் நான் வானம் நிறைய விமானங்களை நினைத்திருந்தேன். அவர் இருந்த தளத்தில் இருந்தது பன்னிரண்டு. வெள்ளைக்காரன் ஓட்டி ஓட்டிக் கழித்துப் போட்டவை. அதிலும் பறந்தது ஐந்து. மிச்சம் ஏழும் உரித்த கோழி மாதிரி நிற்குமாம். ஒன்றில் ஒரு சாமான் போனால், நிற்கிறதிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். பிட்டர் வேலைக்கு ஆறு வாரப் பயிற்சி. அதில் பாதி நாள் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த எஞ்சின்தான். பெட்ரோல் தட்டுப்பாடு. விமானங்களை வரிசை கலையாமல் ஓட்டக் கற்றுக்கொள்ள பைலட்டுகளை ஓடுபாதையில் சைக்கிளில் விடுவார்களாம். மழையில் நனைந்த பாராசூட்டுகளைக் காயவைக்க இடமில்லாமல் அவை பூஞ்சை பிடித்துக் கிடந்தனவாம்.

அங்கே ஒரு பைலட், மதுரைப் பக்கத்துக்காரர், இருபது வயசு இருக்கும். அந்த ரக விமானத்தை அவர் அதுவரை ஓட்டியதே இல்லை. அதனால் சாயங்காலம் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்வார். பிட்டர் இறக்கைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு பிடியாகப் பெயர் சொல்ல, அவர் தடவித் தடவித் தொட்டுக் காட்டுவார். தப்பாகத் தொட்டால், “நீரு செத்தீரு வே” என்பாராம் இவர். இருவரும் சிரிப்பார்களாம்.

விமானம் கிளம்பும் முன் பிட்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பைலட் ஏறமாட்டார். அதுதான் அங்கே முறை. ஒருநாள் எண்ணெய்க் குழாய் ஒன்று, உரித்த விமானத்திலிருந்து எடுத்து மாட்டியது, மயிரிழை அளவு கீறியிருந்ததை இவர் பார்த்துவிட்டார். மேலதிகாரிக்குப் பலகையில் பறக்கிற விமானம் ஐந்து என்று எழுதியாக வேண்டும். நான்கு என்று எழுத முடியாது. யுத்தம் நடக்கிறது, போடு என்றார். இவர் போட்டார். அந்த மதுரைப் பைலட் தாளைப் பார்த்தார், குழாயைப் பார்க்கவில்லை. ஓடுபாதை முடிகிற இடத்திலேயே விமானம் விழுந்தது.

“அவரு என் கையெழுத்தை நம்பில்லா ஏறுனாரு,” என்றார் பிட்டர். எனக்கு அது புரிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து பாய்லரைச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அதே வாரம் பம்பாய்க்குச் சரக்கு போக வேண்டும். நான் வாழ்க்கையில் பிடித்த முதல் பெரிய ஆர்டர். பாய்லரின் சேப்டி வால்வு பழைய இரும்புக் கடையில் வாங்கி மாட்டியது. அழுத்தம் ஏறினால் அது தானாகத் திறந்து ஆவியை விட வேண்டும். பிட்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

“ஒட்டிக்கிட்டு நிக்கி மொதலாளி. வேற வரட்டும். அதுவரைக்கும் நெருப்புப் போடாதிய.”

“இத்தன நாளா ஓடுச்சுங்களே. நாலு நாள் ஓடாதுங்களா? சோதிச்சாச்சுன்னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. ரேகை வெச்சா அதிகாரி ஏத்துக்க மாட்டாருங்க.”

“மாட்டேன்.”

“ப்ளேன் ஓட்டற எடமுங்களா இது? பனியன் கம்பெனிங்க!”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. களைத்துப்போன ஆள் பார்க்கிற பார்வை. போய்விட்டார். நான் அந்தத் தாளில் வளைத்து, சுழித்து, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்னால் நானே விறகை அடுக்கிப் பற்றவைத்துவிட்டு, பஞ்சாலை ஆளைப் பார்க்க வெளியே போனேன்.

அப்புறம் நடந்தது கேலண்டரில் வேலை செய்த பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிட்டர் வந்தார், அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார், “டீ குடிச்சிட்டு வாங்கம்மா, எல்லாரும் போங்க” என்று நாலு பேரையும் வெளியே விரட்டினார். அவர் போகவில்லை. எரிகிற விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாதி இழுத்திருப்பார். பாய்லர் வெடித்து, கொட்டகையின் கூரை ரோட்டில் வந்து விழுந்தது.

விசாரணையில் கேட்டார்கள். “பிட்டர் பாத்துட்டுச் சரின்னு சொன்னாருங்க, அத நம்பித்தானுங்க கையெழுத்துப் போட்டேன்” என்றேன். அவர் வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. கவனக்குறைவான பிட்டரால் நடந்த விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். நான் வேறு கொட்டகை பிடித்தேன். அங்கிருந்துதான் இந்த நானூறு மெஷினுக்கு வந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டம்மா கம்பெனிக்கு வந்தார். அழவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

“அவுக பாத்துதான் சரின்னு சொன்னாகளா, மொதலாளி?”

“ஆமாங்க.”

“ரெண்டாவது தடவையும் அப்படியே செஞ்சிட்டாகளா,” என்றார் அந்த அம்மா. “இனி செய்ய மாட்டேன்னு பைபிள் மேல கை வச்சிச் சொன்னாக, மொதலாளி.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கதவுப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தார்கூட. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஊருக்குப் போய்விட்டார். பல வருடம் கழித்து ஆள் விட்டு விசாரித்தேன், இறந்துவிட்டார் என்றார்கள். தன் புருஷன் சத்தியத்தை மீறியவர் என்று நம்பிக்கொண்டே அந்த அம்மா செத்துப்போனார்.

போன வாரம் என் மகனிடம் இதை எல்லாம் சொன்னேன். “எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப எதுக்குங்கப்பா? நம்ம கம்பெனி பேருதான் கெடுமுங்க,” என்றான். கெடட்டும். பிட்டர் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றுதான் சொன்னார்.