கேமராவுக்குத் தெரியாத மூஞ்சி

நான் நாலாங் கிளாஸ் வரைதான். சொல்ல வெட்கமில்லை. மாமல்லபுரம் கடலோரத்தில் மீனுக்கு ஐஸ் பெட்டி தூக்கிய தோள் இது. இந்தத் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நூறு பேருக்கு மேல் பிளேன் ஏறியிருக்கிறார்கள். வெளிநாட்டு ஆப்பிள் தோட்டத்தில் ஆறு மாசச் சீசன் வேலை. ஏப்ரலில் போனால் அக்டோபரில் திரும்ப வேண்டும். கோட்டு போட்ட ஏஜெண்டுகள் அனுப்பிய ஆட்கள் அங்கேயே ஓடிப் போனார்கள். என் ஆள் ஒருத்தன்கூட ஓடினதில்லை. காரணம் என் கை. அது வாய்க்கு முன்னால் பேசும்.

ஓடுகிறவர்கள் அதிகமானதும் அரசாங்கம் ஒவ்வொருத்தனையும் கண்காணிக்க ஆரம்பித்தது. யார் போனான், எந்தத் தோட்டம், எத்தனை நாள் வேலை பார்த்தான், என்றைக்குத் திரும்பினான், எல்லாம் கம்ப்யூட்டரில். திரும்பிய முப்பது நாளைக்குள் செங்கல்பட்டு ஆபீசுக்கு நேரில் வந்து கேமராவில் மூஞ்சியைக் காட்ட வேண்டும். காட்டாதவன் பேருக்கு நேராக 'திரும்பவில்லை' என்று விழும். ஒருத்தனுக்கு விழுந்தால் அவனோடு போன எல்லாருக்கும் அடுத்த சீசன் கிடையாது.

போன வருஷம் படாளம் பக்கத்து ஆட்கள் ஒன்பது பேரை அனுப்பினேன். ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். எட்டுப் பேர் மூஞ்சி காட்டிவிட்டார்கள். முப்பதாம் நாள் மத்தியானம் ஆபீசிலிருந்து போன்: ஒருத்தர் இன்னும் வரவில்லை, ஐந்து மணியோடு சரி.

அவன் வீட்டு முன்னால் போய் நின்றேன். பெண்டாட்டி வெளியே வந்தாள்.

"காலைலயே இருமுடி கட்டிக்கினு கெளம்பிட்டாரே. நடந்தே மலைக்குப் போறாங்க."

"ஆபீசுக்குப் போவணும்னு சொன்னனே?"

"ஏர்போர்ட்ல சீல் குத்திட்டாங்க, அதுவே போதும்னாரு."

தோட்டத்து ஏணியிலிருந்து விழுந்து பிழைத்தவன் அவன். அந்த வேண்டுதலுக்குத்தான் மாலை போட்டிருந்தான். எட்டுப் பேரையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு விரட்டினேன்.

மதுராந்தகம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டோரமாகக் கறுப்பு வேட்டிகள் தெரிந்தன. பத்துப் பன்னிரண்டு பேர், வெறுங்கால், தலையில் இருமுடி. இவன் நடுவில். வேனைக் குறுக்கே விட்டு நிறுத்தினேன்.

"ஏறுடா."

அவன் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தான். "சாமி, கட்டு தலையில ஏறிடுச்சு. திரும்பக் கூடாது. மலைக்குப் போயிட்டு வந்து காட்டறேன்."

"மலைக்குப் போயிட்டு வந்தா எட்டு குடும்பம் நாஸ்தாவுக்குக் கையேந்தி நிக்கும்டா!"

எட்டுப் பேரில் மூத்தவன் கெஞ்சினான். "மச்சான், ஒரு மணி நேரம். போட்டோ புடிச்சிட்டுத் திருப்பி இங்கயே வுட்டுடறோம்."

"திரும்பக் கூடாது சாமி."

அவன் தோளில் கை வைத்தேன். கூட்டத்தை நடத்திப் போன குருசாமி என் கையைத் தட்டிவிட்டார். அதோடு கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. அவரை நெஞ்சில் தள்ளினேன். பள்ளத்தில் போய் விழுந்தார். மற்றச் சாமிகள் வேன் கதவை உதைத்தார்கள். என் ஆள் ஒருத்தன் ஜாக்கி லிவரோடு இறங்கினான். "மூஞ்சில வாணாம் அண்ணாத்த!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அதற்குள் என் கை பேசிவிட்டது. நான் தேடி வந்தவனுடைய மூக்குக்கும் இடது கண்ணுக்கும் நடுவில், ஒரே குத்து. இருமுடி தார் ரோட்டில் விழுந்து, நெய்த் தேங்காய் உடைந்து, நெய்யும் ரத்தமும் ஒன்றாக ஓடியது. மாலை போட்டவனை அடிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

கையையும் காலையும் பிடித்து வேனில் ஏற்றினோம். திமிறவில்லை. உடைந்த இருமுடியை மடியில் வைத்துக்கொண்டு சரணம் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆபீசுக்குள் நுழையும்போது நாலே முக்கால். கேமரா முன்னால் நிற்க வைத்தோம். கண் மூடிப்போய், மூக்கு கன்னத்தோடு சேர்ந்து வீங்கியிருந்தது. மூன்று தரம் படம் பிடித்தார் அந்த ஆபீஸ் மேடம். மூன்று தரமும் சிவப்பு எழுத்து வந்தது.

"இவரு அவரில்லைன்னு சொல்லுது ஐயா."

"இன்னா மேடம், ஆளு எதுக்க நிக்கிறான். தொட்டுப் பாருங்க!"

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியணுமே."

மூத்தவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். "மூஞ்சில வாணாம்னு கத்துனது நான். உன் காதுல இன்னா கீது?" முதல் அறை அவனுடையது. அப்புறம் யார் யார் என்று எண்ணவில்லை. ஆறேழு பேர் சேர்ந்துதான் என்னைத் தரையில் சாய்க்க முடிந்தது. அறுபத்தெட்டு வயசில் அதுவும் ஒரு கணக்குதான். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் லத்தியால் நாலு பேரை விளாசி விலக்கினார்.

மேடம் ஒரு வழி சொன்னார். காயம்பட்டவருக்குப் பதினைந்து நாள் தள்ளிக் கொடுக்கலாம். எப்படிக் காயம் என்று போலீஸ் எழுதிய சீட்டு ஐந்துக்குள் வேண்டும்.

"கீழ வுழுந்தேன்னு சொல்லு," என்றேன்.

"மாலை போட்டுக்கினு பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப யாரு அடிச்சாங்கன்னு சொல்வியா?"

"சாமி யார் மேலயும் புகார் சொல்லாது."

சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் பாக்கி. எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். கேஸ் விழுந்தால் என் லைசென்ஸ் காலி. விழாவிட்டால் அவர்களுடைய சீசன் காலி. ஸ்டேஷன் படி ஏறாதவன் நான். இது கடலோரம் முழுக்கத் தெரியும். உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் முன்னால் உட்கார்ந்தேன்.

"எழுதிக்க. நான்தான் அடிச்சேன்."

"எத்தினி அடி?"

"ஒண்ணு. என் கையில ஒண்ணுக்கு மேல யாருக்கும் தேவைப்பட்டதில்ல."

வீக்கம் வடிந்து பதிமூன்றாம் நாள் கேமரா அவனை ஏற்றுக்கொண்டது. ஏப்ரலில் எட்டுப் பேரும் கோட்டு போட்ட ஒருத்தன் மூலமாகப் பிளேன் ஏறினார்கள். என்னிடம் குத்து வாங்கியவன் ஏறவில்லை. இடது கண்ணில் பாதிப் பார்வைதான் மிச்சம், மெடிக்கலில் தள்ளிவிட்டார்கள்.