ஸ்டிக்கை லேசாக்கிய நாள்

ஆள் உயரத்துக்கு எழும்பி இறங்கிய அந்தச் சின்ன விமானத்திலிருந்து உங்கள் மாமா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "ரெண்டு விரல் போதும்யா மாப்ள, வெண்ணெயா இருக்கு!" பிள்ளைகளே, அந்தச் சிரிப்பு மாறிவிடக்கூடாதென்றுதான் நான் பொய் சொன்னேன்.

மாமா மூன்று வருடம் பாடுபட்டுத் தன் கையால் கட்டிய விமானம் அது. ஸ்டிக் என்கிற பிடியைப் பின்னால் இழுத்தால் வாலில் உள்ள எலிவேட்டர் பலகை மேலே தூக்கும், மூக்கு ஏறும். கை வலிக்காமல் மூக்கை நிறுத்தி வைக்க ட்ரிம் என்று ஒரு ஸ்பிரிங் உண்டு. அதைக் கடைசிவரை வைத்தும் மூக்கு கவிழ்ந்துகொண்டே இருந்தது. இழுத்துப் பிடித்தே மாமாவுக்குத் தோள் வீங்கிவிட்டது. நான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு ஸ்டியரிங் பார்ப்பவன். கனமாக இருந்தால் கோளாறு, லேசாக்கினால் வேலை முடிந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும் மாப்ள. எதையாவது இடம் மாத்துனா, எடை போட்டுப் பாக்காம ஏறக்கூடாது." அதன்படி ஸ்பிரிங்கை மட்டும் இரண்டு முறை இறுக்கினேன். இறங்கி வந்தவர் நாலு பேர் முன்னால், "என்னய்யா, இன்னும் லோடு ஜீப்பாத்தான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவர் வருவதற்குள் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கி, மூக்குக் கனம் குறையட்டும் என்று இன்ஜின் பக்கம் இருந்த பேட்டரியையும் கழற்றி வாலுக்குள்ளே கட்டிவிட்டேன்.

இரண்டு விரலைக் காட்டிய பிறகு கேட்டார். "ஸ்பிரிங்க மட்டுந்தான தொட்ட?"

"ஆமா மச்சான்."

பேட்டரி என்று சொல்லியிருந்தால் இறங்கி எடை போட்டிருப்பார். ஒரு நாள் வீணாகியிருக்கும், அவ்வளவுதான். மறுபடி ஏறி, இந்த முறை உயரப் போனார். வால் கனத்து மூக்கு தானாக ஏறியது. அமுக்கினார், குப்புறக் கவிழ்ந்தது. இழுத்தார், செங்குத்தாக ஏறியது. ஸ்டிக்கில் உள்ள கனம்தான் கைக்குப் 'போதும்' என்று சொல்லும். அதைத்தான் நான் கோளாறு என்று எடுத்துவிட்டேன். விமானம் திராட்சைப் பந்தலைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மாமா பிளந்துகிடந்த வாலில் கட்டியிருந்த பேட்டரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தேனி ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம், "காத்து தூக்கிருச்சுப்பா, நம்ம பக்கத்துக் காத்து தெரியாதா" என்றார். தன் தங்கையின், உங்கள் அம்மாவின், வாழ்க்கைக்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நானும் தலையாட்டினேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஏழு வருடமாகக் கோம்பையில் கிடக்கிறார். அதே கதையை உங்களிடமும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"எங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தன வருசம் உங்கள வீட்டுக்குள்ள விட்டாக?"

இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அம்மா ஏன் கோம்பைக்குப் போனாள், ஏன் போனை எடுப்பதில்லை என்று தினமும் கேட்கிறீர்கள். வாயால் சொல்ல வரவில்லை, எழுதிவிட்டேன். மாமாவைத் தள்ளியது காற்று இல்லை.