மாமா அடைத்த ஆறு துளைகள்

கதவைத் திறந்ததும் காருக்குள்ளிருந்து தண்ணீர் சரிந்து சாரின் செருப்பை நனைத்தது. முந்தின நாள் பெய்த ஐப்பசி மழை, துணிக் கூரையின் கிழிசல் வழியே இறங்கி, இரண்டே இருக்கைகள் உள்ள அந்தச் சின்ன வண்டிக்குள் குளமாக நின்றிருந்தது. புதிதாகத் தைத்துப் போட்ட இருக்கை உறை ஊறிப்போயிருந்தது. சார் குனிந்து வண்டியின் தரையைத் தடவிப் பார்த்தார். "தண்ணி வடியற ஓட்டையெல்லாம் எங்கய்யா? எந்தப் புத்திசாலி இத அடைச்சது?" என்றார். அந்தப் புத்திசாலி இரண்டடி தள்ளி, கையில் உப்புத்தாளோடு நின்றிருந்தார். அவர் என் அக்காவின் கணவர். அது அங்கே எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

சார், பல்கலைக்கழகத்தில் எங்கள் பட்டறைப் பிரிவின் பொறுப்பாளர். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் அவர் ஓய்வுபெற்றார். சிதம்பரம் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு மாதமே இருந்தது. இளவயதில் ஆசைப்பட்டு வாங்கிய அந்த ஸ்போர்ட்ஸ் கார், பின்புற வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திப் பல வருடமாகக் கிடந்தது. இஞ்சினை அவரே பிரித்துக் கழுவிப் பூட்டி ஓடவைத்துவிட்டார். வண்டியின் உடம்புதான் அவருக்குக் கைவரவில்லை. இரும்புத் தகடாக இருந்தால் தட்டி நிமிர்த்தலாம், இது ஃபைபர். முன்மூக்கு பிளந்திருந்தது. கிளை முறிந்து விழுந்த பின்புறம் முட்டை ஓடு மாதிரி நொறுங்கியிருந்தது. மாதக் கடைசிக்குள் வண்டி தானாக உருண்டு வெளியே போகாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடுவதாக அவர் மகன் சொல்லிவிட்டான். "ஃபைபர் வேலை தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்காங்களாப்பா?" என்று சார் கேட்டபோது, கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் மாமாவின் நினைவு வந்தது.

போன் செய்தேன். மறுநாளே ரெசின் பசைக் கேனும் கண்ணாடி நார் விரிப்புச் சுருளுமாகக் கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். லுங்கி, தோளில் துண்டு, விரலிடுக்கெல்லாம் காய்ந்த ரெசின். சாரின் மனைவி வாசலுக்கு வந்து, "யாருப்பா இவரு?" என்றார். "கடலூர்ல தெரிஞ்சவரு மேடம்" என்றேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த வீட்டில் என்னைச் சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். எனக்கோ அந்த இடம் இரவல் போலவே இருந்தது. யாராவது வந்து எழுந்திரு என்பார்கள் என்று ஒரு பயம். மாமா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு மூன்று வாரமும் என்னை "சார்" என்றே கூப்பிட்டார். "என்னா சார், மூக்கு சரியா வந்துருக்கா? படகுன்னா தூக்கி வுடணும், இதுல அமுக்கி வச்சிருக்கானுங்க" என்பார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் பழைய குரல் வரும். "மாப்ள, உங்கக்காவுக்குப் பூ வாங்கணும். மறந்துட்டேன்னா ஊட்டுக்குள்ள வுட மாட்டா."

வண்டியோடு வந்த கையேட்டைச் சார் என்னிடம் தந்து, "இங்கிலீஷ்ல இருக்கு, அவருக்குப் படிச்சுச் சொல்லிடு" என்றிருந்தார். படித்தேன். தரையில் ஆறு துளைகள் உண்டு, மழைநீர் வடிவதற்கானவை, அடைக்கக் கூடாது என்று படத்தோடு போட்டிருந்தது. அதைச் சொல்ல மாமா பக்கத்தில் மண்ணில் குந்தி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று தெரிந்துவிடும் என்பதுபோல் ஒரு கூச்சம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். படகு ஒட்டுகிறவருக்கு அடியில் துளை என்றால் ஒரே அர்த்தம்தான். கேட்காமலே ஆறையும் மூன்றடுக்கு நார் வைத்து அடைத்து, தேய்த்து, இருந்த சுவடே இல்லாமல் ஆக்கிவிட்டார்.

"நாந்தான் சார் அடைச்சேன்" என்றார் மாமா. "எவனோ போல்ட்ட கழட்டிட்டு அப்பிடியே வுட்டுட்டான்னு நெனச்சேன். அடியில ஓட்டையோட கடலுக்குப் போனா பொண்டாட்டி தாலி என்னாவறது?"

சார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இந்த ஆளை அனுப்பிடு. பாண்டியில யாரையாவது பாக்கலாம்" என்றார். மாமா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சாமான்களைச் சேர்க்க ஆரம்பித்தார். சார் கையேட்டை என்னிடம் கொடுத்தபோது மாமாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அவர் ரெசின் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், அவரு எங்க அக்கா வீட்டுக்காரரு" என்றேன். "புக்க நான் படிச்சேன். அவருக்குச் சொல்லாம விட்டது நான்."

சார் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எங்க அந்தப் புக்கு?" என்று மட்டும் கேட்டார். ஈரத் தரையில் மாமா வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். நான் பக்கத்தில் படுத்து, எந்த மூலையிலிருந்து எத்தனை அங்குலம் என்று வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முதல் துளை விழுந்ததும் தண்ணீர் முழுக்க அவர் முகத்தில் கொட்டியது. "யோவ் மாப்ள, இதயும் புக்குல போட்டிருந்தானா?" என்று கத்தினார். வாசலில் நின்ற சாரின் மனைவி சிரித்துவிட்டார்.

மாதக் கடைசியில் வண்டி தானாகவே உருண்டு வெளியே போனது. இருக்கை இரண்டுதான். சார் மாமாவை ஏற்றிக்கொண்டு தேவனாம்பட்டினம் போனார். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். தெருவே காரைச் சுற்றி நின்றது. வீட்டுக்குள் சாரும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும், "ஏண்டா, இந்த வேலைய புடிச்சுக் குடுத்ததே நீதானாமே? சிதம்பரத்துல யாரோ கூப்புட்டாங்கன்னுதான் இவரு சொன்னாரு. மூணு வாரமா ஒரே எடத்துல இருந்துகிட்டு, ஏண்டா எங்கிட்ட ஒருத்தரும் வாயத் தொறக்கல?" என்றாள்.

கூப்பிட்டது நான் என்று மாமா அவளிடம் சொல்லியிருந்தால், அங்கே தம்பி உங்களை யாரென்று சொன்னான் என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். மாமா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மறந்துட்டேன். மொதல்ல அவனுக்கு மீன எடுத்து வையி" என்றார்.

இப்போது எனக்கே ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. அக்காவின் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கடலூர் போய், பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிவைத்த இதை நான்தான் அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.